நாதஸ்வரம் நிற்கும் இடங்கள்

ஜனவரி 20

இன்று முதல் நான் ஊமை.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் விட்டு, உள்ளே தடித்திருந்த சதையில் துளி கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். புண் ஆறுகிற வரை பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்போது என் பெண்டாட்டி துளசிமணி முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "டாக்டரு, இன்னும் ஒரு வாரம் சேத்தி எழுதிக் குடுங்க" என்றாள். கல்யாணம் ஆன நாளாக அவள் கேட்ட வரம்.

மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில் ஏலம் கூவுகிறவன் நான். திருமூர்த்தி என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. வாயன் என்று கேட்டால் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். கொஞ்ச மாதமாகக் குரல் கம்மிக் கிடக்கிறது. மண்டித் தூசி என்கிறேன் நான். பீடி என்கிறாள் துளசி.

பேசாவிட்டால் எனக்கு வயிறு உப்பிக்கொள்ளும். அதனால் உரக்கடைக்காரர் கொடுத்த டைரியை எடுத்து எழுதுகிறேன். படிப்பு அஞ்சாங்கிளாஸ். தப்பிருந்தால் டைரிதான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மகள் தாரணி ஒரு சிலேட்டு வாங்கி வந்திருக்கிறாள். எழுதிப் பொத்தானை அமுக்கினால் எழுத்து மாயமாகிவிடும். முதல் வரியாக ‘ரசத்தில் உப்பு இல்லை’ என்று எழுதி நீட்டினேன். துளசி படித்தாள், பொத்தானை அமுக்கினாள், உள்ளே போய்விட்டாள். புருசனை அழிக்க இத்தனை சுலுவான வழி இருப்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்திருக்கிறது.

ஜனவரி 22

தாரணிக்கு அடுத்த மாதம் கல்யாணம். முந்தின நாள் சாயங்காலம் வரவேற்பு. அதில் பெரிய திரையில் படம் ஓட்டப் போகிறாளாம். குழந்தையில் எடுத்த போட்டோ, நடுநடுவே வீடியோ, எல்லாம் வரிசையாகத் தானே நகரும். அவள் வேலை பார்க்கிற கம்பெனியில் தினமும் இதுதான் பிழைப்பு. ‘படம் காட்டுவதற்குச் சம்பளமா?’ என்று சிலேட்டில் எழுதினேன். "நீங்க கத்துறதுக்குக் குடுக்கறாங்கல்ல" என்றாள். என் மகள்தான், சந்தேகமில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அதில் ஒரு வீடியோ ஓடியது. எவனோ ஒரு ஆள் டெம்போ ஆரன் மாதிரி அலறுகிறான். யாருடா இவன், நம் வீட்டு விசேசத்தில் வந்து இப்படிக் கத்துகிறான் என்று எட்டிப் பார்த்தால், நான்!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருசமாக என் குரல் கோயில் மணி மாதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருப்பார்கள். என் சத்தத்தில் கேட்டிருக்காது.

ஜனவரி 24

சத்தத்தைச் சரிக்கட்டுவதுதான் இதில் பெரிய வேலையாம். ஒவ்வொரு வீடியோவும் ஒவ்வொரு போனில் எடுத்தது. ஒன்று கிணற்றுக்குள் இருந்து பேசுகிறது, ஒன்று காதில் அறைகிறது. மண்டபத்தில் மைக்செட்காரருக்கு இருப்பது மொத்தத்துக்கும் ஒரே திருகு. மெல்லிசான வீடியோவுக்காக அவர் திருகை ஏற்றி வைத்தால், அடுத்த வீடியோவில் கூட்டமே காதைப் பொத்திக்கொள்ளும். அதனால் இங்கேயே ஒவ்வொன்றாகத் தட்டிக்கொட்டி ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

இது எனக்கு ஒரே நொடியில் புரிந்தது. பெருங்கிழங்கையும் பொடிக்கிழங்கையும் ஒரே சாக்கில் போட்டால் எவன் ஏலம் எடுப்பான்? தரம் பிரி, அப்புறம் கூவு.

வீடியோவுக்குக் கீழே ஒரு கோடு. கோட்டில் ஒரு குண்டு. ஏற்றினால் சத்தம், அடியோடு இறக்கினால் ஊமை. அப்புறம் எல்லாப் படத்துக்கும் பின்னால் நாதஸ்வரம் ஓடுகிறது. வீடியோவில் ஆள் பேசுகிற இடத்தில் மட்டும் நாதஸ்வரத்தைத் தணிக்க வேண்டும். கடைசியில் ஒரு சதுரப் படத்தைத் தொட்டால் செய்த வேலை பத்திரமாக நின்றுகொள்ளும்.

என் வீடியோ எல்லாவற்றிலும் குண்டைப் பாதிக்குக் கீழே இறக்கினாள். "இல்லாட்டி மண்டபத்து ஓடு பறந்துருமுங்க அப்பா" என்றாள். துளசி சமையல்கட்டிலிருந்து, "இன்னும் இறக்குடி! இறக்க இறக்க இறங்காத சத்தம் அது!" என்றாள்.

ஜனவரி 29

அம்மாளும் மகளும் என்னை விட்டுவிட்டு ரிப்போர்ட் வாங்கப் போய்வந்தார்கள். வந்ததும் துளசி, "ஒண்ணுமில்லையாமுங்க. கல்யாணம் முடிஞ்சு ஒருக்கா வரச் சொன்னாரு. பேசலாம்னுட்டாரு" என்றாள். இரண்டு பேருக்கும் கண் சிவந்து கிடந்தது. பஸ்ஸில் சன்னலோரம் உட்காராதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது!

சிலேட்டில் எழுதினேன்: ‘பேச மாட்டேன். வரவேற்பு வரைக்கும் குரலைச் சேர்த்து வைக்கிறேன்.’

துளசி அதைப் படித்தாள். பொத்தானை அமுக்கவில்லை. சிலேட்டை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு ஒரு திட்டம் இருக்கிறது. டைரிக்கு மட்டும் பிறகு சொல்கிறேன்.

ஜனவரி 31

அதிர்ச்சி மேல் அதிர்ச்சி.

சட்டைப் பையில் ஒரு கட்டு பீடியை வைத்து மறந்துவிட்டேன். துவைக்கிற கல்லில் துளசி அதை எடுப்பதைப் பார்த்து, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்று யோசித்தேன். அவள் சண்டைக்கே வரவில்லை! பீடிக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு குழாயைக்கூட நிறுத்தாமல் நின்றாள். வாளி நிரம்பி வழிந்து காலடியில் ஓடியது. திட்டாத துளசியை நான் பார்த்ததில்லை. காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங் மாமா, ஏதாச்சும் பேசுங்களே" என்றாள்.

இவளா? என்னையா? பேசச் சொல்கிறாள்?

‘எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு’ என்று சிலேட்டில் எழுதினேன்.

பிப்ரவரி 1

மண்டி முதலாளி நஞ்சப்பண்ணன் வீட்டுக்கு வந்தார். ஏல நேரத்தில் மண்டியை விட்டு இறங்காத மனுசர். அவர் அம்மா செத்த அன்றுகூட ஒரு லோடு இறக்கிவிட்டுத்தான் போனார். கையில் ஆப்பிள், ஆர்லிக்ஸ். என்னைப் பார்த்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

‘யாரு செத்தது?’ என்று எழுதிக் காட்டினேன்.

சிரிப்பார் என்று பார்த்தால் துண்டை எடுத்து மூக்கைச் சிந்தினார். "நீ இல்லாம மண்டி எளவு வீடாட்டம் இருக்குது திருமூர்த்தி. அந்தப் புதுப் பையன் கூவுறது ரேசன் கடைல பேர் கூப்புடற மாதிரி இருக்குது" என்றார். அப்புறம் தாரணியைத் தனியே கூப்பிட்டு, மண்டியில் ஆளாளுக்குப் போனில் வைத்திருந்த வீடியோவை எல்லாம் கொடுத்தார். எல்லாம் நான் கூவுகிற வீடியோ. இத்தனை எதற்கு? இவளுக்குக் கல்யாணமா, எனக்கா?

பிப்ரவரி 3

இன்று தாரணி ஆபீஸ் போனில் பேசிக்கொண்டிருந்தபோது படத்தை முதலில் இருந்து ஓட விட்டுப் பார்த்தேன். உடனே சிலேட்டைத் தேடினேன்.

அநியாயம்! சம்பந்தியம்மா வாழ்த்துச் சொல்கிற இடத்தில் நாதஸ்வரம் பாட்டுக்கு ஓடுகிறது, அந்தம்மா வாயசைப்பது மட்டும்தான் தெரிகிறது. மாப்பிள்ளை கோகுல் பேசுகிற இடத்திலும் அப்படித்தான். ஆனால் நான் வருகிற இடத்தில் எல்லாம் நாதஸ்வரம் சுத்தமாக நிற்கிறது. அன்றைக்குப் பாதிக்குக் கீழே இறக்கிய குண்டெல்லாம் உச்சிக்கு ஏறியிருக்கிறது. நான் ஒரு விசேசத்தில் தும்முகிறேன், அதற்கும் நாதஸ்வரம் நிற்கிறது. ஊஞ்சலில் படுத்துக் குறட்டை விடுகிறேன். அதற்கும்! கொசு பாடினால்கூடக் கேட்கும், அப்படி ஒரு நிசப்தம்.

‘சம்பந்தி வீட்டார் சண்டைக்கு வருவார்கள். தும்மலை எடு’ என்று எழுதி அவள் மூக்குக்கு முன்னால் நீட்டினேன்.

"எடுக்க மாட்டேன்."

‘மண்டபத்து ஓடு?’

"பறந்தா பறக்கட்டும்" என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்தது. கல்யாணப் பெண்ணுக்குப் பிறந்த வீட்டை விட்டுப் போகிற வருத்தம் இருக்கும்தானே. ‘காரமடைக்குத்தானே போகிறாய், அமெரிக்காவுக்கா?’ என்று எழுதினேன். அதற்கும் அழுகிறாள்.

அப்புறம் போனை என் வாய்க்கு நேராகப் பிடித்து, "அப்பா, ஒருக்கா ஏலம் கூவுங்க. இல்லாட்டி என்னைய ‘ஏ தாரணிக் கழுதை’ன்னு கூப்புடுங்க, போதும்" என்றாள். தலையாட்டி மறுத்துவிட்டேன். சேர்த்து வைத்த குரலைச் சில்லறையாக மாற்றுவேனா?

பிப்ரவரி 6

பத்திரிகை வைக்க எல்லோரும் காரமடைப் பக்கம் போய்விட்டார்கள். திட்டத்தை முடித்தேன்.

தாரணி காலேஜ் படிக்கும்போது மண்டிக்கு வந்து எடுத்த வீடியோ ஒன்று இருக்கிறது. மூட்டை மேல் ஏறி நின்று, காதில் பென்சில் செருகி, ஏலம் கூவுகிறேன். அப்போது குரல் கம்மாத காலம். எல்லாவற்றிலும் தெளிவாக இருப்பது அதுதான். கடைசியில் வைத்திருக்கிறாள். அந்த ஒன்றில் மட்டும் குண்டை அடியோடு கீழே இழுத்து ஊமையாக்கிவிட்டேன். சதுரப் படத்தையும் தொட்டுவிட்டேன்.

வரவேற்பில் நடக்கப் போவது இதுதான். திரையில் நான் வாயைத் திறப்பேன், சத்தம் வராது. எல்லோரும் என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று திரும்பிப் பார்ப்பார்கள். அப்போது நான் கூட்டத்தின் நடுவில் மைக்கோடு எழுந்து, திரையில் ஆடுகிற வாய்க்கு நேராக நேரிலேயே கூவுவேன்! கிழங்குக்குப் பதிலாக மாப்பிள்ளையை ஏலம் விடுவேன். ‘தோலைப் பாத்து எடுக்காதீங்க சாமி, வெட்டிப் பாத்து எடுங்க’ என்று மண்டியில் சொல்கிற அதே வசனம். மண்டபம் அதிரும். இதற்குத்தான் ஒரு சொல்கூடச் செலவு செய்யாமல் காத்தேன்.

மைக்செட்காரர் நம்ம ஆள். அவரிடம் மட்டும் எழுதிக் காட்டினேன், ஒரு மைக்கை எனக்குத் திறந்து வைக்க வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது என்று.

பிப்ரவரி 8

எழுத முடியவில்லை.

பிப்ரவரி 9

தாலி கட்டியாயிற்று. மாப்பிள்ளை மூன்று முடிச்சையும் சரியாகப் போட்டார். எனக்குத்தான் அட்சதை கையில் நிற்காமல் கொட்டிக்கொண்டே இருந்தது.

பிப்ரவரி 10

வரவேற்பில் நடந்ததை எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் சோறு இறங்கும் போலிருக்கிறது.

படம் நன்றாகத்தான் ஓடியது. தும்மலுக்கு மண்டபமே சிரித்தது. கடைசி வீடியோ வந்தது. நாதஸ்வரம் நின்றது. திரையில் நான் மூட்டை மேல் ஏறி வாயைத் திறந்தேன். சத்தமில்லை. நினைத்த மாதிரியே எல்லோரும் திரும்பினார்கள். ஆனால் ஒன்றை நான் கணக்கில் எடுக்கவில்லை. மெசினில் ஏதோ கோளாறு என்று பயந்து மைக்செட்காரர் மொத்தத் திருகையும் ஏற்றிவிட்டார்.

நான் மைக்கை வாயருகே வைத்து மூச்சை இழுத்துக் கூவினேன்.

வரவில்லை.

குரல் வரவில்லை. வந்தது வேறு ஒன்று. சாக்கு மூட்டையைச் சிமெண்டுத் தரையில் இழுத்தால் ஒரு சத்தம் வருமே, சர்ரென்று, அது. மேடைக்கு இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு நின்ற ஸ்பீக்கரில் அது மட்டும் வந்து மண்டபம் முழுக்க மோதியது. முன்வரிசையில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. நான் மைக்கைப் பார்த்தேன். மைக் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். இன்னொரு தடவை கூவினேன். அதே சர்.

திரையில் என் வாய் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கிறது. கீழே நான் வாயைத் திறந்தபடி நிற்கிறேன். இரண்டு வாய், ஒரு குரல்கூட இல்லை.

அப்போது பின்வரிசையில் இருந்து நஞ்சப்பண்ணன் எழுந்து கத்தினார், "ஊட்டிக் கிழங்கு, செம்மண்ணுக் கிழங்கு!" திரையில் என் வாய் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. சுமை தூக்குகிற பீர் பாய் நாற்காலி மேல் ஏறி நின்று, விலை ஏற்றத் தயங்குகிற வியாபாரியை நான் கிண்டல் பண்ணும் அடுத்த வரியைச் சொன்னார், "ஏனப்பா ராமசாமி, வீட்டுல கேட்டுட்டு வரோணுமா?" அப்புறம் மண்டி ஆட்கள் அத்தனை பேரும், என் கை அசைவையும் உதட்டையும் பார்த்துப் பார்த்து, என் கிண்டலை எல்லாம் எனக்கே திருப்பிக் கூவினார்கள். "தோலைப் பாத்து எடுக்காதீங்க சாமி, வெட்டிப் பாத்து எடுங்க!" மண்டபம் கைதட்டிச் சிரித்தது. நானும் சிரித்தேன். அட, என்னை மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறான்களே!

துளசியும் சிரிக்கிறாளா என்று திரும்பினேன்.

அவள் பட்டுச்சேலை முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு குனிந்திருந்தாள். மேடையில் இருந்து தாரணி மாலையோடு இறங்கி ஓடி வந்தாள். மைக்செட்காரரின் மேசையில் இருந்த கம்ப்யூட்டரைப் பிடித்து உலுக்கினாள். "எங்கப்பா சத்தம் எங்க? யாருண்ணா எடுத்தது? அது ஒண்ணுதானே நல்லா இருந்துச்சு! இனி நான் எங்க போயி..."

மேசை எனக்குப் பக்கத்தில்தான், என் கையில் மைக் இன்னும் திறந்தே இருந்தது. திருகும் உச்சியில்தான் இருந்தது. அவள் பாதியில் நிறுத்தியதுகூட மண்டபம் முழுக்கக் கேட்டது.

சில கிழங்கு வெளியே பளபளவென்று இருக்கும். எடை இருக்கும், தோலில் ஒரு கீறல் இருக்காது. வெட்டினால் நடுவில் கருப்பு. இத்தனை வருசத்தில் அப்படி எத்தனையோ வெட்டியிருக்கிறேன். அந்த நிமிசம் எனக்கு எல்லாம் வெட்டிப் போட்ட மாதிரி தெரிந்தது. சிவந்த கண், பீடிக்கட்டு, ஆப்பிள், ‘ஏதாச்சும் பேசுங்களே’, தும்மல்.

பிப்ரவரி 11

துளசியை எதிரில் உட்கார வைத்து, சிலேட்டில் ‘சொல்’ என்று ஒரே வார்த்தை எழுதினேன்.

"கல்யாணம் முடியட்டும்னு நாந்தான் டாக்டரு கால்ல விழாத குறையா கேட்டேன். புத்துநோயிங்க மாமா. குரல் பெட்டியையே எடுக்கோணுமாம். எடுத்துட்டா உசுருக்கு ஒண்ணும் ஆகாதாம். ஆனா பேச்சு..."

நோய் என்றதும் வராத அதிர்ச்சி எனக்கு அப்புறம்தான் வந்தது. ரிப்போர்ட் வந்த அன்றைக்கே பேசலாம் என்றிருக்கிறார் டாக்டர். அன்றைக்குக் கம்மலாகவாவது ஏதோ வந்திருக்கும். பெண்டாட்டி கேட்டாள், மகள் போனை நீட்டிக் கேட்டாள். நான் வீம்புக்கு வாயைப் பொத்திக்கொண்டு, சொல்ல இருந்ததை எல்லாம் சிலேட்டில் எழுதிப் பொத்தானை அமுக்கினேன்.

‘முன்னாடியே சொல்லியிருந்தால் பேசியிருப்பேனே’ என்று எழுதினேன்.

"சொல்லியிருந்தா நீங்க கல்யாணத்துல சிரிச்சிருப்பீங்களா?" என்றாள்.

சிலேட்டை வைத்துவிட்டு, அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

பிப்ரவரி 13

நாளைக்கு ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். தாரணியும் மாப்பிள்ளையும் மறுவீட்டுக்கு வந்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரைத் திறந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இருந்த நல்ல குரல் ஒன்றையும் நானே அழித்துவிட்டேனே.

அவள் அந்தக் குண்டைப் பிடித்து மேலே ஏற்றினாள். "ஏனப்பா ராமசாமி!" என்று வீடே அதிர்ந்தது. நான் நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்டேன்.

"அழியலீங்க அப்பா. சத்தத்தை இறக்குனா உள்ளயேதான் இருக்கும். ஏத்துனா வந்துரும்" என்றாள். நான் தடவிப் பார்த்தேன், கம்ப்யூட்டரை அல்ல, அவள் தலையை.

டாக்டர் வேறு ஏதோ சொல்லியிருக்கிறாராம். ஆறின பிறகு கழுத்தில் ஒரு மெசின் வைத்துப் பேசப் பழகலாமாம், ரோபோ மாதிரி வருமாம். ‘அதிலும் குண்டு இருக்குமா, உங்கம்மா கீழே இழுக்க?’ என்று எழுதினேன். துளசி சிரித்தாள். இந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று!

அப்புறம் தாரணி, "இருக்கற குரலு போதும். பதிஞ்சு வெச்சுக்கலாம்" என்றாள். மாப்பிள்ளை ஃபேனை நிறுத்தினார். துளசி ஃபிரிட்ஜின் ஒயரைப் பிடுங்கினாள். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடியது. துளசியே சன்னலில் நின்று, "ஏ அம்மிணி, சித்த நேரம் சட்னி அரைக்காம இரு!" என்று என்னைவிடப் பெரிய சத்தம் போட்டாள். வீடு நிசப்தமாகிவிட்டது. என் ஒருத்தனுக்காக எல்லாச் சத்தத்தையும் நிறுத்துகிறார்கள். நான்தான் எத்தனை பேருடைய சத்தத்துக்கு மேல் கூவியவன்.

தாரணி போனை என் உதட்டுக்கிட்டே வைத்தாள். காற்றாகத்தான் வந்தது. "ஏ தாரணிக் கழுதை" என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏ புள்ள துளசி, ரசத்துல உப்பு இல்ல" என்றேன். "இருக்குதுங்க, நல்லா நாக்கை நீட்டிப் பாருங்க" என்றாள் அழுதுகொண்டே. அதுவும் பதிந்துவிட்டது. அதை வெட்டி எடுக்க வேண்டாம் என்று சைகை காட்டினேன்.

"ஏலம், அப்பா" என்றாள் தாரணி.

கூவினேன். கூவினேன் என்று சொல்வதா, ஊதினேன் என்று சொல்வதா, தெரியவில்லை. ஒரு தரம் என்றேன். ரெண்டு தரம் என்றேன். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போனில் கோடு மெல்லிசாக ஆடிக்கொண்டிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு கும்பிட்டேன்.

"இன்னொண்ணு இருக்குதுங்களே அப்பா?"

சிலேட்டை எடுத்து எழுதினேன். ‘மூணாந்தரம் சொல்லிவிட்டால் சரக்கு கை மாறிவிடும் கண்ணு. அதை நான் சொல்லப் போவதில்லை.’

துளசி அதைப் படித்தாள். சிலேட்டைப் பிடுங்கி, பொத்தான் இருக்கிற பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, நாளைக்குக் கிளம்பக் கட்டி வைத்திருக்கிற பைக்குள் துணிக்கு நடுவே வைத்தாள்.